செய்தியாளரை ஊரிலேயே உருவாக்குவோம்

2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்த இசையமைப்பாளர் இளையராஜா, அர்த்த மண்டப வாசலில் நிறுத்தப்பட்ட காட்சி சில விநாடிகளே ஓடக்கூடியது. அந்தச் சில விநாடிகளை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிகள் நாள் முழுக்க விவாதித்தன. வெளியேற்றப்பட்டார் என்றது ஒரு தரப்பு. அர்ச்சகர், ஜீயர் போன்றோர் தவிர வேறு யாரும் அங்கே செல்வது வழக்கமில்லை என்றது கோயில் தரப்பு. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள் என்று இளையராஜாவே அறிக்கை விட்டார். கருவறைக்கும் மகா மண்டபத்துக்கும் நடுவே அர்த்த மண்டபம் எங்கே தொடங்குகிறது, அதற்குள் இதுவரை யார் யார் போயிருக்கிறார்கள், அந்த வழக்கம் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா, அறநிலையத் துறை அதற்கு என்ன சொல்கிறது? கோயிலுக்குள் நின்று நாலு பேரிடம் பேசினால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும் கேள்விகள் இவை. யார் எதுவரை போகலாம் என்பது உறுதியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதைக் கேட்பவரின் கையில் களத்தின் தகவல் இருந்தால்தான் கேள்விக்குக் கனம் வரும். அன்று விவாத மேடைகளில் கருத்து வேண்டிய மட்டும் கிடைத்தது, தகவல்தான் போதவில்லை.

இது முதல் முறையும் அல்ல. 2018 ஜனவரியில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி உரையாற்றியது ராஜபாளையத்தில். அந்த உரையை எதிர்த்துக் கொதிப்பு எழுந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். வாரக்கணக்கில் வாதம் நடந்ததோ சென்னை ஸ்டூடியோக்களில். அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் இரண்டு ஊர்களின் பெயர்கள் திரையில் ஓயாமல் ஓடின. அந்த ஊர்க்காரர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசியதை எத்தனை முறை பார்த்தோம்?

தொலைக்காட்சிச் செய்தியாளராக வேண்டும், செய்தி வாசிப்பாளராக வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்கள் இந்த இரு ஊர்களிலும் இருக்கிறார்கள். ராஜுக்கள் கல்லூரியிலும், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும், சுற்றியுள்ள மகளிர் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசைக்கு இன்று திறந்திருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், விடுதி வாடகை கொடுத்துப் படிப்பது. மற்றொன்று, சில வாரங்களில் செய்தி வாசிப்பாளர் ஆக்கிவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி வகுப்புகள். முன்னது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. பின்னதில் ழகரமும் ளகரமும் திருத்துவார்கள், டெலிப்ராம்ப்டர் பார்த்து வாசிக்கச் சொல்வார்கள், ஒப்பனை செய்து ஒரு வீடியோ எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். செய்தி எப்படிக் கிடைக்கிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பது அந்தப் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது.

செய்தி வாசிப்பாளர் இருக்கைக்கு வருகிறவர் முதலில் செய்தியாளராக இருந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி அவரவர் மாவட்டத்திலேயே, தமிழிலேயே, அரசின் பொறுப்பில் கிடைக்க வேண்டும். களத்தில் உழைக்கும் காலத்துக்குச் சேனல்கள் சம்பளம் தர வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

உச்சரிப்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வானொலியில் சரோஜ் நாராயணசுவாமியின் குரலையும் தூர்தர்ஷனில் ஷோபனா ரவியின் வாசிப்பையும் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. திருத்தமான தமிழ் நேயருக்குச் செய்யும் மரியாதை. ராஜபாளையத்தில் எத்தனையோ வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும், கரிசல் காட்டுப் பேச்சோடு வரும் பிள்ளைகளும் பயிற்சியால் நல்ல உச்சரிப்பைப் பெற்றுவிட முடியும். ஆனால் டெல்லி வானொலியின் தமிழ்ப் பிரிவில் செய்தி வாசிப்பாளர் என்பவர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். தான் வாசிக்கும் வரியைத் தானே எழுதத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் குரல் வாய்த்தது.

வெறும் வாசிப்பை நம்பித் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓ.டி.வி. ‘லிசா’ என்ற செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் கிசான் சேனல் இரண்டு செயற்கை வாசிப்பாளர்களை அமர்த்தியது. எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசிக்க இனிமேல் மனிதர் வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெடித்த ஆலையின் வாசலில் நின்று, அழுதுகொண்டிருக்கும் தாயிடம் மைக்கை நீட்டலாமா கூடாதா என்று அந்த நொடியில் முடிவெடுக்கத்தான் மனிதர் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் இது வெறும் உதாரணம் அல்ல. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே நடந்த வெடிவிபத்தில் 10 பேர். ஒவ்வொரு முறையும் திரையில் வருவது புகை, ஆம்புலன்ஸ், மருத்துவமனை வாசலில் அமைச்சரின் பேட்டி, நிவாரணத் தொகை. மறுநாள் வேறு செய்தி வந்துவிடும். பயிற்சி பெற்ற ஒரு மாவட்டச் செய்தியாளர் அங்கே வேறு கேள்விகளோடு போவார். ஆலைக்கு உரிமம் கொடுத்தது மாவட்ட நிர்வாகமா, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பா? உரிமம் எந்த ரகப் பட்டாசுக்கு, உள்ளே செய்தது எந்த ரகம்? ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததா? மருந்து கலக்கும் அறையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இருக்க அனுமதி? கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது, ஆய்வறிக்கை எங்கே? இறந்தவரின் பிள்ளைகள் ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போகிறார்களா? இந்தக் கேள்விகள் சென்னையில் உட்கார்ந்து படித்தால் வருவதில்லை. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த மாணவருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். அதைக் கேட்கும் முறையையும் துணிவையும் சொல்லித்தர ஆள்தான் இல்லை.

நீதிமன்றச் செய்திக்கும் இதுவே பொருந்தும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வழக்கு விசாரணை திறந்த மன்றத்தில் நடக்கிறது. சட்டம் விலக்கு அளித்த வழக்குகளைத் தவிர மற்றவற்றை மாணவரும் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம். இதைவிடச் சிறந்த வகுப்பறை எந்த இதழியல் கல்லூரியிலும் கிடையாது. அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாகப் பேராசிரியை ஒருவர் மீது 2018-ல் பதிவான வழக்கை எடுத்துக்கொள்வோம். அப்போது அவர் மாணவிகளிடம் பேசியதாகச் சொல்லப்பட்ட ஆடியோவும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் முகங்களும் எல்லாச் சேனல்களிலும் திரும்பத் திரும்ப வந்தன. 2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் பேராசிரியைக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவரை விடுதலை செய்தது. ஆறு ஆண்டுகள் திரையில் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கப்பட்டவர்களில் இருவர் விடுதலையானார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதக்கூடாது என்ற பாடம் இந்த ஒரு வழக்கைப் படித்தாலே மாணவர் மனதில் பதிந்துவிடும். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடத் தடை செய்யும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவும் செய்தியாளருக்கு அன்றாடம் தேவைப்படுபவை. குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, அதன் வீட்டையும் தெருப் பெயரையும் அப்படியே காட்டும் காட்சிகள் இன்னும் வருகின்றன. பாதிக்கப்பட்ட குழந்தை யாரென்று அந்த ஊருக்குத் தெரிய அது போதும்.

பெரிய விபத்தும் பெரிய வழக்கும் இல்லாத நாட்களிலும் செய்தி இருக்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்த விசைத்தறிக்காரர்களின் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை மாநிலச் செய்தியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் மாட்டுக்காரருக்கு லிட்டருக்கு என்ன கிடைக்கிறது? 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் என்ன மாறியது? ஆடிப்பூரத் தேரோட்டத்தை நேரலை செய்ய எல்லோரும் வருகிறார்கள். தேர் நிலைக்கு வந்ததும் கேமராக்களும் கிளம்பிவிடுகின்றன.

ஊர்க்காரரே ஊர்ச் செய்தியைச் சொன்னால் தரம் இருக்காது என்பவர்கள் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டைப் பார்க்கட்டும். 2002-ல் அங்கே தொடங்கிய ‘கபர் லஹரியா’வைக் கிராமத்துப் பெண்கள் நடத்துகிறார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். வட்டார மொழியில் அச்சு இதழாகத் தொடங்கியது, பின்னர் கைப்பேசியில் படமெடுத்துச் செய்தி தரும் நிறுவனமாக வளர்ந்தது. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. நம்மிடமும் முன்னோடி உண்டு. விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம், படிக்கும்போதே ஊர் ஊராகப் பிள்ளைகளைச் செய்தி சேகரிக்க அனுப்பித் தமிழ் இதழியலுக்கு எத்தனையோ பேரைத் தந்தது. காட்சி ஊடகத்தில் அதற்கு நிகரான, நீடித்த ஏற்பாடு இல்லை. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டி.வி. என்று செய்தி சேனல்கள் வரிசையாக வந்தன. ஆட்களை எடுத்துக்கொண்ட வேகத்தில் ஆட்களை உருவாக்குவதற்கு அவை செலவிடவில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் பயிற்சியைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இருக்காது. தாலுகா அளவில் மைக் பிடிக்கும் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை, அதுவும் ஒளிபரப்பானால்தான். பெட்ரோலும் கேமராவும் அவர்கள் செலவு. விளம்பரம் பிடித்துத் தா என்ற நெருக்கடி தனி. விளம்பரம் கேட்டுப் போன ஆலை முதலாளியிடம் மறுநாள் விபத்தைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது? 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சு ஊடகத்துக்கே பாதுகாப்பு தந்தது, தொலைக்காட்சிக்காரரை அது கணக்கில் எடுக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்னணு ஊடகத்திலும் டிஜிட்டல் ஊடகத்திலும் பணியாற்றுபவரையும், இதழியலே முதன்மைத் தொழில் என்றால் பகுதிநேரமாக உழைப்பவரையும் பத்திரிகையாளர் என்கிறது. புதிய தொழிலாளர் சட்டங்கள் மீது தொழிற்சங்கங்களுக்குள்ள எதிர்ப்பு வேறு விவாதம். இந்த ஒரு வரையறையைப் பிடித்துக்கொண்டாவது தாலுகா செய்தியாளருக்குப் பணி ஆணை தரச் சேனல்கள் முன்வர வேண்டும், மாநிலத் தொழிலாளர் துறை அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழக அரசு 2025-ல் சென்னை கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. அது கோட்டூர்புரத்தோடு நின்றுவிடக் கூடாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதழியல், தொடர்பியல் துறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு கைகோத்து விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரப் பயிற்சி மையம் ஒன்றை அரசு தொடங்க வேண்டும். பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. நல்ல மைக்கும் ஒன்றிரண்டு கேமராக்களும் ஓர் எடிட்டிங் அறையும் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது, நகராட்சி வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பது, எஃப்.ஐ.ஆரைப் புரிந்துகொள்வது, 40 விநாடியில் வாசித்து முடிக்கும்படி ஒரு செய்தியை எழுதுவது எல்லாம் அங்கே பாடமாக வேண்டும். கற்பிக்க வருபவர்கள் களத்தில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பணி முடித்து வீடு திரும்பும் பெண் செய்தியாளருக்கு வாகன வசதியும், புகார் சொன்னால் விசாரிக்க உள்ளகக் குழுவும் இருக்க வேண்டும். இவை இல்லாததால்தான் தகுதியுள்ள மாணவிகளைப் பெற்றோர் தடுத்து விடுகிறார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மையம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தின் திறந்த மன்றத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், மனுவோடு நிற்பவர்களிடம் பேசுங்கள். கேட்டதைப் பத்து வரியில் எழுதுங்கள். எழுதியதை உரக்க வாசியுங்கள். வரி தடுக்கும் இடத்தில் தகவல் குறைகிறது என்று பொருள். திரும்பிப் போய்க் கேளுங்கள். செய்தி சேனல்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, வாசித்துக் காட்டிய வீடியோவுக்குப் பதிலாக அவர்கள் தம் ஊரிலிருந்து சேகரித்த மூன்று செய்திகளைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.