வெங்காயத்துக்கு எதுக்குய்யா ஃபோர்க்கு?

நம்மூர்ல ஒருத்தனை மட்டம் தட்டணும்னா "போடா வெங்காயம்"னு முடிச்சிடுவோம். அந்த வெங்காயத்துக்கு ஊரே கூடி விழா எடுக்கற இடம் ஒண்ணு இருக்கு மக்களே. ஸ்பெயின்ல, காத்தலோனியாவுல, தாரகோனா பக்கத்துல இருக்கற வால்ஸ். ஜனவரி கடைசி ஞாயிறு அங்க பெரிய திருவிழா.

ஐட்டம் பேரு கல்சோத். விளைஞ்ச வெள்ளை வெங்காயத்தைப் பிடுங்கி, கோடை முடியறப்ப திரும்ப நடுவாங்க. ஒண்ணுலேர்ந்து பல தாள் கிளம்பும். தண்டு வெளுத்து நீளணும்னு, வளர வளர மண் அணைச்சுகிட்டே வருவாங்க. அவங்க மொழியில மண் அணைக்கறதுக்கும் செருப்பு மாட்டறதுக்கும் ஒரே சொல்லு, 'கல்சார்'. பேர் வந்தது அப்படித்தான். இதுக்கு ஐரோப்பிய யூனியனோட புவிசார் குறியீடு வேற.

கவாத்து பண்ணின திராட்சைக் கொடியைக் கொளுத்தி, வெளித்தோல் கரியாகற வரைக்கும் சுடுவாங்க. செய்தித்தாள்ல சுருட்டி வச்சு, கூரை ஓட்டுல அடுக்கிப் பரிமாறுவாங்க. கழுத்துல துணி கட்டிக்கிட்டு ஒரு இழு இழுத்தா கரித்தோல் கழண்டு வரும். பாதாம், தக்காளி, பூண்டு, காய்ஞ்ச மிளகாய், ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைச்ச சாஸ்ல முக்கி, அண்ணாந்து வாயில இறக்கணும். ஒயின்கூட மூக்கு வச்ச கண்ணாடிக் குடுவையிலேர்ந்து அண்ணாந்துதான், வாய் வைக்காம. நாம செம்புல தண்ணி குடிக்கிறோமே, அதேதான்!

இப்ப என் கடுப்புக்கு வர்றேன்.

2023 ஜூலை. பார்சலோனாவுல ஒரு ரெஸ்டாரண்ட். தோல் உரிச்ச கல்சோத் ஆறு, மேல ரெண்டு ஸ்பூன் சாஸ், பக்கத்துல கத்தி, ஃபோர்க்கு. கூட வந்த நம்மூர் நண்பர், "இதுதான் டீசன்ட்"ங்கறார்.

என்னய்யா டீசன்ட்? நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன். ஜூலையில தட்டுக்கு வந்தது எந்தக் குளிர்பெட்டியில கிடந்துச்சோ! சுத்தமாம். கரி வெளித்தோலோட போயிடுது, உள்ள இருக்கறது தன் ஈரத்துலயே வெந்தது. அதைவிட என்ன சுத்தம்? சமையல்கட்டுல உரிச்சு அடுக்கினா அது வெறும் ஆறிப்போன வெங்காயத்தாள்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, அந்த 'டீசன்ட்' வியாதி எனக்கும் இருந்துச்சு. ரெண்டு வருஷம் ஆபீஸ்ல தயிர்சாதத்தை ஸ்பூன்ல தின்னேன். யாரும் ஒண்ணும் சொல்லலை, நானா கூச்சப்பட்டேன். 2024 பிப்ரவரியில டீம் லீட் தன் வீட்டுக் கல்சோத்தாதாவுக்கு வால்ஸ் கூட்டிட்டுப் போனார். முழங்கை வரைக்கும் சாஸ் வழிய நின்னவர், நான் டிஷ்யூவால பிடிச்சு உரிக்கறதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சார். பாட்டி, பேரன், லீட், நான், எல்லார் கையும் ஒரே கரி. யாராலயும் ஃபோனைத் தொட முடியலை. அதனாலயே மூணு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். ஃபோர்க் கொடுத்தா முதல்ல போறது இதுதான்.

ஃபோர்க் வேணும்ங்கறவங்க தாராளமா கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. ஆனா அதைக் கல்சோத்தாதான்னு மட்டும் சொல்லாதீங்க.

பின்னூட்டத்துல திட்டறவங்க திட்டலாம். "போடா வெங்காயம்"னு திட்டினா பாராட்டா எடுத்துக்கறேன் :-)