மூணு சிப்பும் ஒரே நாள்லயா செத்துச்சு?

தொண்ணூறுகளின் வீடியோ கேம் கடையைப் பற்றி இனி யாராவது கட்டுரை எழுதினால் நான் படிக்கப் போவதில்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரியும். ஒரு ரூபாய்க் காசு, வியர்வை நாற்றம், ‘அண்ணே, இன்னொரு ஆட்டம்ணே’, டியூஷன் கட், தேடி வந்த அப்பாவின் பெல்ட். கடைசியில் ‘நாமெல்லாம் சேர்ந்து விளையாடிய காலம்’ என்று ஒரு பெருமூச்சு. இப்படி இரண்டை நானே எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நல்ல வரவேற்பு. அந்தத் தகுதியில் சொல்கிறேன்: அவை சோதிக்கப்படாத நினைவுகள். சோதித்தால் பாதிக்கு மேல் தேறாது.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு செத்துப்போன பேக்மேன் போர்டு.

கம்பத்தில் நாங்கள் விளையாடிய கடையின் ஓனர் வீட்டுப் பரணில் அது கிடந்தது. “எடுத்துட்டுப் போ தம்பி, எலி புழுக்கையா போட்டு வைக்குது” என்று கொடுத்துவிட்டார். பேக்மேன் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட ஆட்டம். என் கைக்கு வந்தது அசல் இல்லை, காப்பி போர்டு. உள்ளே இசட்80 பிராசசர். திரையில் என்ன எழுத்து, அதற்கு என்ன நிறம், ஆட்டத்தின் கணக்குவழக்கு என்று மூன்று பகுதி நினைவகம், ஒவ்வொன்றும் 1 கிலோபைட். 2114 என்ற சிப்பில் 1024 அறைகள், அறைக்கு 4 பிட்தான். ஒரு பைட்டுக்கு 8 பிட் வேண்டும் என்பதால் பகுதிக்கு இரண்டு சிப், மேல்பாதிக்கு ஒன்று, கீழ்பாதிக்கு ஒன்று. ஆக மொத்தம் ஆறு.

5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்தேன். ஆட்டம் தொடங்கும் முன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மெமரி கெட்டுவிட்டது என்று திரையிலேயே சொன்னது. கேமே சொன்ன பிறகு வேறு என்ன யோசனை? சாஃப்ட்வேர்காரன் புத்தி, எரர் மெசேஜை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டு சிப்பைக் கழற்றினேன். சிப்புக்கு 18 கால். அவசரத்தில் போர்டின் செம்புத் தடம் ஒன்று பிய்ந்துபோனது. கழற்றிய சிப்புகளைத் தனியாக ஆர்டுயினோவில் மாட்டிச் சோதித்தால் இரண்டும் நல்ல சிப்!

பிய்ந்த தடத்தை ஒட்டி, சிப்புகளைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒழுங்காக ஒரு சோதனை நிரல் எழுத உட்கார்ந்தேன். நினைவகத்தைச் சோதிக்கும் நிரல் அந்த நினைவகத்தையே பயன்படுத்தக் கூடாது. சாதாரணமாக ஒரு சப்ரூட்டீனைக் கூப்பிட்டால், திரும்பி வரவேண்டிய முகவரியை பிராசசர் ரேமில்தான் எழுதி வைக்கும். அந்த ரேம் மேல்தானே சந்தேகம்? சந்தேகத்துக்குரிய ஆளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல ஆகிவிடும். எனவே ஒரு சப்ரூட்டீன்கூட இல்லாமல், பிராசசருக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்து நிரல் ஓட வேண்டும். இன்னொன்று, எல்லா அறையிலும் ஒரே மதிப்பைப் போட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. ஒரு முகவரிக் கம்பி அறுந்து, ஓர் அறைக்கு எழுதியது வேறு அறைக்குப் போனாலும் ‘பாஸ்’ என்றுதான் வரும். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும்போது தப்பு தெரியாது.

நிரலை ஈப்ராமில் ஏற்றி ஓட்டினேன். 00 எழுதினால் 04 என்று திரும்பி வந்தது. திரைப் பகுதியில் 04. நிறப் பகுதியிலும் 04. கணக்குப் பகுதியிலும் அதே 04. மூன்று கீழ்பாதிச் சிப்பிலும் ஒரே பிட் காலி என்று முடிவுகட்டி, புதுச் சிப் ஆர்டர் போடப் போனேன். சால்டரிங் சொல்லிக்கொடுத்த தேனி டிவி மெக்கானிக் அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டார்: “மூணு சிப்பும் ஒரே நாள்லயா செத்துச்சு? கடைமடையில மூணு வயலும் காஞ்சு கெடந்தா வயலையா வைவோம்? வாய்க்காலப் பாருப்பா.”

பார்த்தேன். நான் எழுதிய எழுத்துகள் திரையில் சரியாகவே தெரிந்தன. திரைச் சுற்று அதே சிப்பை வேறு பாதையில் படிக்கிறது. அப்படியானால் சிப்பில் இருப்பது சரி. பிராசசர் படிக்கும் பாதையில் உட்கார்ந்திருந்த ஒரு பஃபர் ஐசிதான் அந்த ஒரு பிட்டை எப்போதும் 1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் ஆட்டம் ஓடியது.

இப்போது நம் கட்டுரைகளுக்கு வருகிறேன். பத்துப் பேர் எழுதுகிறார்கள், ஊர் வேறு, கடை வேறு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே பிட் தப்பு: ‘நாமெல்லாம்’. பத்துப் பேருக்கும் தனித்தனியாக மறதி வந்துவிட்டதா? இல்லை. படிக்கிற பாதை ஒன்று. எல்லோரும் காசோடு கடைக்குள் நின்ற பையன்கள்.

என் அக்காவிடம் கேட்டேன். அதே தெரு, அதே பள்ளிக்கூடத்து வழி. “அந்தக் கடையா? அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு அம்மா அங்கிட்டு ரோட்டத் தாண்டிப் போகச் சொல்லும். உள்ள என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுடா” என்றாள். என் கட்டுரையைப் படித்தாயா என்றேன். “படிச்சேன். அதுல நாங்க எங்கடா இருந்தோம்?”

பேக்மேனை உருவாக்கிய தோரு இவாதானி, பெண்களையும் கேம் கடைக்குள் வரவைக்க வேண்டும் என்று நினைத்தே அதை வடிவமைத்தார். அந்த ஆட்டம் கம்பம் வரை வந்தது. என் அக்கா சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கமாகப் போனாள். என்னோடு படித்த ஒருவன் கடை வாசலிலேயே நின்று வேடிக்கை பார்ப்பான். லீவு நாளில் அவன் அம்மாவோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவான். என் இரண்டு கட்டுரையிலும் அவனும் இல்லை.

‘இலக்கியம் ஆவணம் இல்லையே, ஞாபகத்தை ஞாபகமாக எழுத உரிமை இல்லையா’ என்பீர்கள். தாராளமாக எழுதுங்கள். ‘நான்’ என்று எழுதுங்கள். ‘நாம்’ என்று எழுதினால் அது ஒரு தகவல், தகவலைச் சரிபார்க்க வேண்டும். ‘எமுலேட்டரில் விளையாடிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பழைய போர்டு’ என்றும் கேட்பீர்கள். 1997-இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர் பெருமூச்சில் உருவானதில்லை. பழைய போர்டுகளின் ராம் சிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, படித்தது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களின் உழைப்பு அது. நாம் சொந்த ஊரின் நினைவுக்கு அந்த அளவு மெனக்கெடுவதில்லை. எழுதியவரே வாசித்து, எழுதியவரே உருகி, எழுதியவரே பாஸ் போட்டுக்கொள்கிறோம்.

அடுத்த கட்டுரைக்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கடைக்குள் வராத ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.

பொங்கலுக்கு வந்த அக்காவை போர்டின் முன்னால் உட்கார வைத்தேன். மூன்று உயிரும் இரண்டு நிமிடத்தில் போயின.

“இதுக்காடா இம்புட்டு அழுகை?” என்றாள். பிறகு, “இன்னொருக்கா போடு” என்றாள்.