அட்மிஷன் ஃபாரத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள்!

பத்தாம் வகுப்பு வரை மத்தியானச் சாப்பாட்டுக்காக நம்மில் யாராவது மனு எழுதியதுண்டா? வருமானச் சான்றிதழுக்கு அலைந்ததுண்டா? கிடையாது! ஹெட்மாஸ்டர் ரூமில் பெயரைப் பதிந்தார்கள், சத்துணவுக் கூடத்தில் தட்டை நீட்டினோம். அவ்வளவுதான்.

1956-ல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் சோற்றையும் பள்ளிச் சேர்க்கையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டன. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டமும் அதே வழிதான். பெயர் சேர்ந்தால் சோறு. சோறு கிடைப்பதால் பெயரைச் சேர்த்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் படித்தவர் கிடையாது. "அங்க முட்டை போடுறாங்களாம், போடா" என்றுதான் அம்மா என்னை அனுப்பியது!

பத்தாவதோடு அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. பாலிடெக்னிக் வந்த நமக்கு அரசு விடுதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அட்மிஷன் ஒரு பக்கம், விடுதி மனு வேறு பக்கம். சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. அதற்கு அப்பா ஒரு நாள் கூலியை விட வேண்டும். "ஆபீசர் கேம்ப் போயிருக்கார், நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் கூலி. வீடு எட்டுக் கிலோமீட்டருக்குள் இருந்தால் பையன்களுக்கு விடுதியே கிடையாது. அந்த எட்டுக் கிலோமீட்டருக்குள் பசிக்காதா என்ன?

நம் வகுப்பிலேயே பாருங்கள். மத்தியானம் குழாயில் தண்ணீரைக் குடித்துவிட்டு "பசிக்கல மச்சான்" என்பவன் யாரென்று நமக்குத் தெரியும். அவன்தான் பிறகு ஒர்க்ஷாப்பில் மூன்று மணி நேரம் நின்று அரம் பிடிக்கிறான். வைஸில் இருக்கும் இரும்பு தேயுமா, இவன் தேய்வானா?

"மனு இல்லாவிட்டால் வசதியானவனும் சாப்பிட்டுவிடுவானே" என்கிறார்கள். சாப்பிடட்டுமே! சாம்பார் சாதத்துக்கு அவன் கியூவில் நிற்கப் போவதில்லை. ஆள் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் சீக்கிரமே கிடைத்துவிடும். மனு தடுத்து நிறுத்துவது கூச்சப்படுகிறவனை மட்டும்தான். பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பள்ளியில் இலவசச் சாப்பாடு வேண்டுமானால் பெற்றோர் வருமானப் படிவம் நிரப்ப வேண்டும். பிறகு 2010-ல் ஒரு சட்டம் போட்டு, ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளில் படிவமே வாங்காமல் எல்லோருக்கும் போட வழி செய்தார்கள்.

நம் அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. 2022-ல் புதுமைப்பெண், 2024-ல் தமிழ்ப்புதல்வன் வந்தன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். படித்த பள்ளியின் பதிவே அதற்குச் சாட்சி. அதே பதிவை வைத்துச் சோறு போட என்ன தடை? "அந்த ஆயிரத்தில் சாப்பிடலாமே" என்பீர்கள். டிராயிங் ஷீட்டுக்கும் நோட்டுக்கும் போக மிச்சம் வீட்டுக் கடனுக்குப் போய்விடுகிறதே, சார்!

நான் கேட்பது ஒரே ஒரு கட்டம். அட்மிஷன் ஃபாரத்தில் "மதிய உணவு வேண்டுமா? ஆம் / இல்லை". "ஆம்" போட்டவன் பெயர் ரோல் நம்பரோடு நேரே கேன்டீனுக்குப் போகட்டும். கணக்கை ஆபீஸும் அரசும் பார்த்துக்கொள்ளட்டும்.

சங்கத் தேர்தலில் நிற்பவர்கள் புது கிரிக்கெட் பேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். சந்தோஷம். அதோடு இந்த மனுவையும் அடுத்த அட்மிஷன் தொடங்குமுன் பிரின்சிபாலிடம் கொடுக்கட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.