துகில் இரவும் விடுதலைப் பத்திரமும்

அண்ணன் தம்பி பிள்ளைகளைத் தமிழ் ‘பங்காளி’ என்கிறது. பங்குக்கு உரியவன் என்பதே சொல்லின் பொருள். உறவைச் சொல்லும்போதே சொத்தையும் சொல்லிவிடுகிற சொல் இது.

பழைய தென்னாற்காட்டில் திரௌபதியம்மன் கோயில் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பல நாள் நடக்கும் அந்தக் கதையே ஒரு பாகப்பிரிவினைத் தகராறுதான். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டி, திரைக்குப் பின்னால் ஆடி வருகிறான் துரியோதனன். வந்தவனை நிறுத்தி ஊரும் பேரும் கேட்பவன் கட்டியங்காரன். ராஜாவே ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

சூது, துகில் நடக்கும் இரவில் இந்தக் கட்டியங்காரன் அசாத்தியமான வேலை செய்கிறான். தருமன் நாட்டை வைத்துத் தோற்கிறான், தம்பிமாரை வைத்துத் தோற்கிறான். கட்டியங்காரன் நடுவே புகுந்து உள்ளூர் சங்கதி பேசிச் சிரிக்க வைக்கிறான். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு சிரித்த பெண்கள், துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது அப்படியே அடங்கிப் போகிறார்கள். துச்சாதன வேஷக்காரர் அதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நடிப்புதான் என்றாலும் செய்யப்போவது என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரு நொடி முன்புவரை சிரித்தது தாங்கள்தான் என்பது சபைக்கும் உறைக்கும்.

ஊசி முனை நிலம்கூடத் தரமாட்டேன் என்ற துரியோதனனை, அவன் மடியும் படுகளத்தன்று ஊரே சேர்ந்து மண்ணால் செய்து படுக்க வைக்கிறது. ஊரார்க்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

பேராசையைச் சிரிப்பால் அறுக்கும் கலை மற்ற இடங்களிலும் உண்டு. ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சனின் ‘வால்போனி’ 1606இல் மேடையேறியது. அதில் சாகக் கிடப்பதாக நடிக்கும் பணக்காரனின் சொத்துக்காக ஒரு கிழவன் பெற்ற மகனையே உயிலிலிருந்து நீக்குகிறான். இங்கே எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரம், தாயையும் மனைவியையும் கைவிட்டு, உடல் அழுகிய பிறகும் நக்கலை விடவில்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய அந்த நாடகம் 1954இல் படமாக வந்தபோதும் அரங்குகள் சிரித்துக்கொண்டே கலங்கின.

அதற்குப் பின் சபா மேடைகளில் குடும்பச் சண்டை பெரும்பாலும் துணுக்குத் தோரணமாகவே வந்தது. இது வருத்தத்துக்குரியது. ஏனென்றால் சூதாட்டம் நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. 2005இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமர நிழலில், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் டீ வாங்கிக் கொடுக்கிறான். “பொறந்த வீடு வேணும்ல தாயி” என்கிறார் கூட வந்த சித்தப்பா.

இந்தக் காட்சியை யாராவது நாடகமாக எழுத வேண்டும். சபை தயாராக இருக்கிறது, வேஷங்களும் தயார். அந்த மர நிழலுக்குக் கட்டியங்காரன் வந்து, அண்ணனை நிறுத்தி ஊரும் பேரும் கேட்க வேண்டும். பிறகு தங்கையிடம் திரும்பி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தாயா அம்மா என்று கேட்க வேண்டும்.