பிழைச் செய்தியும் பாடமே

கணிப்பொறி பயிலும் மாணவ நண்பர்களுக்கும் எம்மை ஆளாக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு கருத்தைப் பணிவுடன் முன்வைக்கிறேன். ஆய்வகத்தில் விடை வந்தால் வெற்றி, பிழை வந்தால் தோல்வி என்றே நாம் எண்ணுகிறோம். இது முறையா?

ஏ.பி.ஐ. வழியே ஒரு செய்தியை வேறொரு கணினிக்கு அனுப்புவதை எடுத்துக்கொள்வோம். அது ஏற்கப்படாவிடில் ஓர் எண் திரும்பி வருகிறது. 400 என்றால் செய்தியை எழுதிய முறை தவறு. 401 என்றால் நாம் யார் என்பதற்குச் சான்று இல்லை, அல்லது அது செல்லாது. 403 என்றால் அச்செயலுக்கு நமக்கு உரிமை இல்லை. அதே சான்றை நூறு முறை நீட்டினாலும் பயனில்லை. 429 என்றால் அளவு மீறி அனுப்புகிறோம், பொறுக்க வேண்டும். 500 என்றால் கோளாறு எதிர்ப்பக்கத்தில். நோய் வேறானால் மருந்தும் வேறன்றோ?

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையே காண்போம். அங்கே நிரல் வழியே கட்டுரையைத் திருத்த, முதலில் ஒரு டோக்கன் பெற்று அதையும் உடன் அனுப்ப வேண்டும். அதன் இறுதியில் '+' குறி உண்டு. அதை உரிய குறியீடாக மாற்றாமல் அனுப்பினால் வெற்றிடமாகப் படிக்கப்பட்டு, டோக்கன் தவறு என்ற பிழை வரும். இங்கே கடவுச்சொல்லை மாற்றி என்ன பயன்? மேலும், வரும் எண் பெரும்பாலும் 200, அதாவது 'நலம்'. பிழையோ பதிலின் உள்ளே இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தவர் ஏமாறுவார்.

நம் ஊர்ப் பெயரும் ஒரு பாடமே. 'அரூர்' கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் 5 குறிகள், யூ.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகள். நீளம் 5 என்று குறித்து அனுப்பினால், இரண்டாம் எழுத்தின் நடுவிலேயே செய்தி அறுபட்டுப் போகும். ஆங்கிலச் சொற்களை மட்டும் அனுப்பிப் பார்த்தவர் இப்பிழையைச் சந்திப்பதே இல்லை.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். திரையில் ஆங்கிலத்தில் பிழை தோன்றியதும் 'இது நமக்கு வராது' என்று ஒதுங்கிவிடுகிறோம். அறிவுக் குறைவா இது? இல்லை, பிழையைப் படிக்கும் பழக்கம் இல்லாமையே.

ஆகவே, செய்முறைப் பதிவேட்டில் பிழைக்கும் ஒரு பக்கம் வேண்டும். வந்த பிழை, அதன் காரணம், கண்ட தீர்வு ஆகிய மூன்றையும் எழுதுவோம். டோக்கனை மட்டும் எழுதாதிருப்போம். அப்பக்கத்துக்கும் மதிப்பெண் அளியுங்கள் என்று பேராசிரியர்களை வேண்டுகிறேன். சரியான விடையை அடுத்தவர் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிவிடலாம். பிழையின் காரணத்தைத் தானே தேடினாலன்றிக் காண இயலாது.