ரீலைக் கழற்றிப் பாருங்கள்!



தூண்டில் என்றதும் ஒரு மூங்கில் கழியும், அதன் நுனியில் தொங்கும் நரம்பும் முள்ளும்தான் உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். குளத்து மீனுக்கு அது போதும். ஆனால் இன்று நம் கடற்கரைப் பாறைகளின் மேல் ரீல் பொருத்திய தூண்டிலோடு நிற்பவர்களையும் காணலாம். கைப்பிடியைச் சுற்றினால் ரீல் நரம்பை விரைவாக இழுத்துச் சுற்றிக்கொள்ளும். பெரிய மீன் பிய்த்துக்கொண்டு ஓடினால், நரம்பு அறுந்துவிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்.

கவனிப்பார் இன்றி உப்புக் காற்றில் கிடந்தால் இந்தச் சிறு பொறி கரகரவென்று ஒலிக்கத் தொடங்கும். பிறகு ஒருநாள் சுற்றவே சுற்றாது. உடனே பலர் "இது போய்விட்டது" என்று மூலையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்வது தவறு என்பது என் கருத்து. பணம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ரீலோடு சேர்த்து, கைக்கு எட்டிய ஒரு நல்ல இயற்பியல் பாடத்தையும் நாம் மூலையில் எறிந்துவிடுகிறோம்.

அப்படி என்ன பாடம் அதற்குள் இருக்கிறது? முதலில் பற்சக்கரங்களைப் பாருங்கள். கைப்பிடியோடு இணைந்த பெரிய சக்கரத்தில் 40 பற்களும், அது சுழற்றும் சிறிய சக்கரத்தில் 8 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். கைப்பிடி ஒருமுறை சுற்றினால் சிறிய சக்கரம் 5 முறை சுற்றும். நரம்பு சுற்றியிருக்கும் கண்டின் விட்டம் 4.8 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 15 செ.மீ. ஆகவே கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் 75 செ.மீ. நரம்பு உள்ளே வரும். வேகம் கூடியது, ஆனால் அதே அளவுக்குக் கை கூடுதலாக அழுத்த வேண்டும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

அடுத்தது பிரேக். மீன் இழுக்கும்போது கண்டு வழுக்கிச் சுழல வேண்டும். ஆனால் எளிதில் சுழன்றுவிடக் கூடாது. இதற்காகக் கண்டுக்குள் ஃபெல்ட் அல்லது கார்பன் இழையாலான வாஷர்களையும் உலோக வாஷர்களையும் அடுக்கி, ஒரு குமிழால் இறுக்குகிறார்கள். வேலை செய்வது உராய்வு ஒன்றுதான். கனமான பெட்டியைத் தள்ளும்போது, அது நகரத் தொடங்கும்வரை அதிக விசையும், நகர்ந்த பின் குறைந்த விசையும் தேவைப்படுவதை அறிவீர்கள். நிலை உராய்வு பெரிது; இயக்க உராய்வு சிறிது. நல்ல பிரேக்கில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. பழைய கிரீஸும் உப்பும் சேர்ந்து வாஷர்கள் ஒட்டிக்கொண்டால் வேறுபாடு பெருகும். மீன் முதல் இழுப்பு இழுத்ததுமே நரம்பு அறுந்துவிடும். மீனவர் அதைக் கெட்ட நேரம் என்பார். உண்மையில் அது அழுக்கடைந்த வாஷர்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நரம்பு வெளியே ஓட ஓடக் கண்டில் மிஞ்சியிருக்கும் சுற்றின் ஆரம் குறைகிறது. ஆரம் 2.4 செ.மீ. இருந்தபோது 2 கிலோ எடை அளவு இழுத்தால் கண்டு சுழலும்படி பிரேக்கை வைத்திருந்தீர்கள் என்று கொள்ளுங்கள். ஆரம் 1.6 செ.மீ. ஆனதும் 3 கிலோ இழுத்தால்தான் அது சுழலும். குமிழை யாரும் தொடவில்லை. ஆரம் மாறியதால் விசை மாறியது. திருப்புவிசை என்ற பாடம் இதுதான். இதனால்தான் நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் பிரேக்கை வைக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தின் சுருள்வில் தராசை நரம்பு முனையில் மாட்டி இழுத்து, இதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

மூன்றாவது பாடம் வேதியியலுக்கு உரியது. ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. நீர் உலர்ந்தாலும் உப்பு ரீலிலேயே தங்கிவிடும். அந்த உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சும். எனவே வீட்டுக்குள் வைத்த ரீலும் உள்ளுக்குள் நனைந்தே இருக்கும். அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி இருந்தால், இரண்டு வெவ்வேறு உலோகங்களும் நடுவே உப்பு நீரும் கிடைத்துவிட்டன. ஒரு சிறு மின்கலம் தயார்! அதில் அரிக்கப்படுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்துத் திருகாணி இறுகிவிடும். கழற்றிய திருகாணியின் மரையில் சிறிது கிரீஸ் தடவி முடுக்கினால் உப்பு நீர் உள்ளே புகுவது தடுக்கப்படும்.

பராமரிப்பதும் கடினமன்று. கடலிலிருந்து திரும்பியதும் பிரேக்கை இறுக்கி வைத்து, ரீலின் மேல் நல்ல தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே போகும். நிழலில் உலர்த்திய பின் பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் வாஷர்கள் நசுங்கும்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ரீலைத் திறந்து பாருங்கள். மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுங்கள். கழற்றும் பாகங்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு படம் வரையுங்கள். கைபேசியில் படம் எடுத்தாலும் சரிதான். சுருள்வில் இருக்கும் இடத்தை ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் வைத்துத் திறந்தால், அது துள்ளினாலும் தொலையாது. பற்சக்கரத்தை ஒட்டி, தாள் போல் மெல்லிய வளையங்கள் இருக்கும். இவை பற்களுக்கு இடையிலான இடைவெளியைச் சரிசெய்பவை. ஒன்று குறைந்தாலும் ரீல் மறுபடி கரகரக்கும்.

ஒரு திருகாணி அசையவில்லை என்றால் வலுவைக் காட்டாதீர்கள்; சற்று யோசியுங்கள். சில ரீல்களில் இடப்புறமாக முடுக்கும் மரை இருக்கும். சைக்கிளின் இடது பெடலிலும் அதே மரைதான். சுழலும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

உலோகப் பாகங்களில் ஒட்டிய பழைய கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் துடைத்து எடுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. பற்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ், பேரிங்குக்கு ஓரிரு துளி எண்ணெய். நிறையப் போட்டால் நல்லது என்று எண்ண வேண்டாம். கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைப் பேரிங் கிரீஸ் மிகுந்தால் வழுக்கத் தொடங்கிவிடும்.

ரீலின் வரலாறும் இத்தகைய கைகளோடு தொடர்புடையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் பற்சக்கரம் வைத்த ரீல்களைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக் கைவினைஞர். 1905-இல் கண்டு சுழலாத ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி நூல் தொழிலில் இருந்தவர். புகழ்பெற்ற ரீல்களைச் செய்த சுவீடன் நாட்டின் ஆபு நிறுவனம் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. ஒரு பொறியைக் கழற்றத் தெரிந்த கை, இன்னொரு பொறியை உருவாக்கியது.

இப்போது நம் பள்ளிகளைப் பார்ப்போம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். உராய்வுக் கணக்கை நொடியில் போடும் மாணவர் பலர், ஒரு திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தயங்குகிறார்கள். அப்பாவோடு படகில் போய் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் மீனவர் வீட்டுப் பிள்ளையோ, அதே உராய்வுப் பாடத்தில் வாய் திறப்பதில்லை. தன் கை அறிந்ததும் புத்தகம் சொல்வதும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, "சரியாகப் படிக்காவிட்டால் மெக்கானிக் கடைக்குத்தான் போவாய்" என்று பெரியவர்கள் மிரட்டுகிறோம். பழுது பார்ப்பது அறிவு குறைந்தவர் வேலை என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றுகிறது. இது இருவருக்கும் இழைக்கும் அநீதி.

ஆண்டுக்கு ஒரு செய்முறை வகுப்பையாவது பழுதான ஒரு பொருளைக் கழற்றிப் பூட்டுவதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன். ரீல், சைக்கிள் பெடல், பழைய சுவர்க் கடிகாரம், எதுவாகவும் இருக்கலாம். அது மறுபடி ஓடுகிறதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எது, ஏன் தேய்ந்தது என்பதைப் படத்தோடு விளக்கினால் போதும். "தேர்வுக்கே நேரம் இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கையால் தொட்டறிந்த உராய்வை மறுபடி மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அங்கே நேரம் மிச்சமாகும்.

எல்லாவற்றையும் நாமே பழுது பார்க்க முடியாது என்பதும் உண்மைதான். உத்தரவாதக் காலம் முடியாத ரீலைத் திறக்க வேண்டாம். முற்றிலும் மூடி அடைக்கப்பட்ட பாகங்களை அனுபவசாலியிடம் கொடுங்கள். மின்சாரம் பாயும் கருவிகளைப் பெரியவர் துணையின்றித் தொடாதீர்கள். உதிரிப் பாகம் கிடைக்காமல் போனால் திறமை இருந்தும் பயனில்லை. அதனால்தான் பழுது பார்க்கும் உரிமை பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள். 2022-இல் நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் உரிமை கிடைத்த பின்னும் திருப்புளியைப் பிடிக்கக் கை வேண்டுமே!

அடுத்த விடுமுறையில் வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு பொறியை, பெரியவர்களின் அனுமதியோடு எடுங்கள். திறப்பதற்கு முன்பே, பழுதுக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். திறந்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊகம் பொய்த்திருந்தால், எங்கே பொய்த்தது என்பதைப் படம் வரைந்து எங்களுக்கும் எழுதுங்கள்.