நெஞ்செரிச்சலுக்குக் காசு எதற்கு?

காலையில் வெறும் வயிற்றில் டீ, மதியம் அவசரச் சாப்பாடு, ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா சால்னா. அப்புறம் நெஞ்சு எரிகிறது என்று பெட்டிக்கடையில் ஒரு சோடா! ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டதாக நினைப்பு. ஆனால் சோடாவின் வாயு வயிற்றை உப்ப வைத்து அமிலத்தை மேலே தள்ளவும் செய்யும். பால் குடித்தாலும் கொஞ்ச நேரம்தான். பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

காசில்லாத வைத்தியம் இருக்கிறது. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். வெறும் தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி... இதையெல்லாம் 'கேஸ்' என்று சொல்லி சோடா தேடாதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மலம் கறுத்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தாலோ டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அதற்கும் காசு கேட்பதில்லை!